அரைப்புள்ளியின் அருமை

நுழையும்முன்

விளையாட்டு என்றதும் வெற்றி, தோல்வி என்னும் இரு சொற்களே நம் நினைவுக்கு வருகின்றன. சதுரங்கத்தில் மூன்றாவது முடிவு ஒன்றும் உண்டு. அதனைச் சமன் என்பர். செய்தித்தாள்கள் ‘டிரா’ என்றும் எழுதும். ஒத்த ஆற்றலுடைய இருவர் மோதும்போது அம்முடிவு எவ்வாறு உருவாகிறது என்பதையும், அதன் மதிப்பு யாது என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

தீவும் இரு நகரங்களும்

மாணவர்களே! நிலப்படத்தை விரித்துக் கார் நிக்கோபார் தீவைக் கண்டறியுங்கள். அங்கிருந்து வடமேற்கே வங்கக் கடலைக் கடந்து ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் சென்றால் சென்னை வரும். தென்கிழக்கே ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் சென்றால் சிங்கப்பூர் வரும். இரு நகரங்களுக்கும் கிட்டத்தட்ட நடுவில் இத்தீவு அமைந்துள்ளது. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, அவன் கடற்படை வென்ற இடங்களுள் ஒன்றாக நிக்கோபார்த் தீவுகளை ‘மாநக்கவாரம்’ என்னும் பெயரால் குறிப்பிடுகிறது. தமிழர் கீழைக்கடலைக் கடந்து சென்ற பழைய வழியில் இத்தீவுகள் இருந்தன.

2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சென்னையைச் சேர்ந்த 18 வயது இளைஞர் ஒருவர் சதுரங்க உலகப் பட்டத்திற்காகச் சிங்கப்பூரில் களம் இறங்கினார். அவர் பெயர் தொம்மராஜு குகேஷ். அவரை எதிர்த்து ஆடியவர், பட்டத்தைத் தம் வசம் வைத்திருந்த சீன வீரர் டிங் லிரென். போட்டி செந்தோசாத் தீவில் நடைபெற்றது. மொத்தம் 14 ஆட்டங்கள். அவற்றுள் ஒன்பது ஆட்டங்கள் சமனில் முடிந்தன. அந்த ஒன்பது ஆட்டங்களும் வீணாயினவா? இவ்வினாவுக்கு விடை காணச் சமனின் இயல்பை முதலில் அறிந்துகொள்வோம்.

சமன் எவ்வாறு நிகழ்கிறது?

சதுரங்கம் என்னும் சொல்லுக்கு நான்கு உறுப்புகளை உடையது என்பது பொருள். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையை அது குறித்தது. இன்றைய ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் அரசன், அரசி, இரண்டு யானைகள், இரண்டு அமைச்சர்கள், இரண்டு குதிரைகள், எட்டுக் காலாள்கள் என 16 காய்கள் உண்டு. யானையைக் கோட்டை என்று அழைப்பாரும் உளர். எதிரியின் அரசனைத் தப்ப வழியின்றித் தாக்குவதே ஆட்டத்தின் நோக்கம். வென்றவருக்கு ஒரு புள்ளி; தோற்றவருக்குப் புள்ளி இல்லை. சமனில் முடிந்தால் இருவருக்கும் ஆளுக்கு அரைப்புள்ளி வழங்கப்படும்.

கார் நிக்கோபார் மக்கள் பெரிதும் விரும்பும் கால்பந்தாட்டத்திலும் சமன் உண்டு. ஆனால் அங்கே நேரம் முடிந்தவுடன் நடுவர் ஊதலை ஊதுகிறார். அப்போது இரு அணிகளின் கோல்களும் சமமாக இருந்தால் ஆட்டம் சமனாகிறது. சதுரங்கத்தில் அவ்வாறு காத்திருந்து சமனைப் பெற இயலாது. தனக்குரிய நேரம் தீர்ந்துவிட்டால் பொதுவாக ஆட்டத்தையே இழக்க நேரிடும். பலகையில் உள்ள நிலைதான் சமனை உருவாக்க வேண்டும். அதற்கு ஐந்து வழிகள் உள்ளன.

முதல் வழி, இருவரும் உடன்படுதல். இருவருக்கும் வெற்றி வாய்ப்பு இல்லை என்று தோன்றும்போது ஒருவர் சமனை முன்மொழிவார், மற்றவர் ஏற்றுக்கொள்வார். சில போட்டிகளில் இதற்குக் கட்டுப்பாடு உண்டு. சிங்கப்பூரில் 40 நகர்த்தல்கள் முடியும் முன் உடன்பாட்டினால் ஆட்டத்தை முடித்துக்கொள்ளக் கூடாது என்பது விதி.

இரண்டாம் வழி, ஒரே நிலை திரும்பத் திரும்ப வருதல். காய்கள் அனைத்தும் அதே கட்டங்களில் இருக்க, ஆட வேண்டியவரும் அவரே ஆக, ஒரு நிலை மூன்று முறை தோன்றினால் ஆடுபவர் சமனைக் கோரலாம். ஐந்து முறை தோன்றினால் எவரும் கோராமலே ஆட்டம் முடிந்துவிடும்.

மூன்றாம் வழி, ஐம்பது நகர்த்தல் விதி. தொடர்ந்து 50 நகர்த்தல்களில் எந்தக் காயும் வெட்டப்படாமலும் எந்தக் காலாளும் நகராமலும் இருந்தால் சமனைக் கோரலாம். 75 நகர்த்தல்கள் அவ்வாறு கடந்தால் ஆட்டம் தானே சமனாகிவிடும். இங்கு ஒரு நகர்த்தல் என்பது வெள்ளை ஒரு முறையும் கறுப்பு ஒரு முறையும் ஆடுவதைக் குறிக்கும்.

நான்காம் வழி, வெல்லப் படை போதாமை. பலகையில் இரு அரசர்கள் மட்டுமே எஞ்சினால் யாரும் யாரையும் வெல்ல முடியாது. ஓர் அரசனுடன் ஒரு குதிரையோ ஓர் அமைச்சரோ இருந்து, எதிரே அரசன் மட்டும் இருந்தாலும் இதே முடிவுதான்.

ஐந்தாம் வழி, நகர இடமின்மை. இதனை ‘ஸ்டேல்மேட்’ என்பர். ஆட வேண்டியவரின் அரசன் தாக்கப்படவில்லை; ஆனால் அவரால் விதிப்படி எந்தக் காயையும் நகர்த்த முடியவில்லை. அப்போது ஆட்டம் சமனாகும்.

ஐந்தாம் வழியை நீங்களே பலகையில் அமைத்துப் பாருங்கள். கறுப்பு அரசனைத் தன் முதல் வரிசையின் நடுவில், அரசன் ஆட்டத் தொடக்கத்தில் நிற்கும் கட்டத்தில் வையுங்கள். அதற்கு நேர் முன்னே வெள்ளைக் காலாள் ஒன்றை வையுங்கள். அக்காலாளுக்கு நேர் பின்னே வெள்ளை அரசனை வையுங்கள். இப்போது ஆட வேண்டியது கறுப்பு. அரசன் இருபுறமும் செல்ல இயலாது. அக்கட்டங்களைக் காலாள் காவல் காக்கிறது. முன்னே வரவும் இயலாது. அக்கட்டங்களை வெள்ளை அரசன் காக்கிறான். காலாளை வெட்டவும் வழியில்லை. ஆயினும் கறுப்பு அரசன்மீது தாக்குதல் இல்லை. ஆகவே ஆட்டம் சமன். இன்னும் ஓர் அடி வைத்தால் அரசியாக உயரும் காலாள் எதிரே நிற்க, துணைக்கு ஒரு காயும் இல்லாத அரசன் அரைப்புள்ளியைப் பெற்றுவிடுகிறான். எங்கே நிற்பது என்பதை அறிந்தமையே அவனைக் காத்தது.

வல்லவர்கள் மோதினால்

ஆடுவோர் திறம் கூடக்கூடச் சமன்களும் பெருகுகின்றன. காரணம் எளிது. சதுரங்கத்தில் பெரும்பாலான வெற்றிகள் எதிரியின் பிழையால் பிறக்கின்றன. இருவரும் பிழையைக் குறைத்துக்கொண்டால், ஒருவர் தாக்கும் வலிமைக்கு மற்றவர் தடுக்கும் வலிமை ஈடாகிவிடுகிறது.

2013-ஆம் ஆண்டு சென்னையில் விசுவநாதன் ஆனந்தும் நார்வே நாட்டு மாக்னஸ் கார்ல்சனும் உலகப் பட்டத்திற்காக மோதினர். நடந்த பத்து ஆட்டங்களுள் ஏழு சமனில் முடிந்தன. அவற்றுள் நான்காம் ஆட்டம் 64 நகர்த்தல்கள் நீண்டது. ஒரு காலாளை இழந்த நிலையிலும் ஆனந்த் தளராமல் தடுத்து ஆடி அரைப்புள்ளியைக் காத்தார். 2018-ஆம் ஆண்டு இலண்டனில் கார்ல்சனும் அமெரிக்க வீரர் ஃபேபியானோ கருவானாவும் ஆடிய 12 முதன்மை ஆட்டங்களும் சமனாயின. பின்னர் நடந்த விரைவு ஆட்டங்களில் கார்ல்சன் வென்றார். 1984-ஆம் ஆண்டு மாஸ்கோவில் அனதோலி கார்ப்போவுக்கும் கேரி காஸ்பரோவுக்கும் தொடங்கிய போட்டி ஐந்து மாதங்கள் நீடித்தது. ஆறு வெற்றிகளை முதலில் பெறுபவரே வாகையர் என்பது அன்றைய விதி. 48 ஆட்டங்கள் ஆடப்பட்டன. அவற்றுள் 40 சமனாயின. கார்ப்போவ் ஐந்து வெற்றிகளும் காஸ்பரோவ் மூன்று வெற்றிகளும் பெற்றிருந்த நிலையில், 1985 பிப்ரவரியில் அப்போட்டி முடிவின்றியே நிறுத்தப்பட்டது. அதன்பிறகு உலகப் பட்டப் போட்டிகளுக்கு ஆட்டங்களின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது.

சிங்கப்பூர்ப் போட்டி

குகேஷ் 2006-ஆம் ஆண்டு மே 29 அன்று சென்னையில் பிறந்தவர். பன்னிரண்டு வயதிலேயே கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றவர். டிங் லிரென் 2023-ஆம் ஆண்டு உலகப் பட்டத்தை வென்றவர். அவருக்கு வயது 32. இருவரும் சந்தித்த 14 ஆட்டங்களின் முடிவுகள் வருமாறு:

1-ஆம் ஆட்டம்: டிங் வெற்றி
2-ஆம் ஆட்டம்: சமன்
3-ஆம் ஆட்டம்: குகேஷ் வெற்றி
4 முதல் 10 வரையிலான ஏழு ஆட்டங்கள்: சமன்
11-ஆம் ஆட்டம்: குகேஷ் வெற்றி
12-ஆம் ஆட்டம்: டிங் வெற்றி
13-ஆம் ஆட்டம்: சமன்
14-ஆம் ஆட்டம்: குகேஷ் வெற்றி

பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு நடுவில் உள்ள ஏழு சமன்களும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் ஆட்டங்களை உற்று நோக்கினால் அவற்றின் வேறுபாடு விளங்கும்.

ஆறாம் ஆட்டத்தில் குகேஷ் கறுப்புக் காய்களுடன் ஆடினார். ஒரே நிலை திரும்பத் திரும்ப வந்து ஆட்டம் சமனில் முடியும் வாய்ப்பு உருவாயிற்று. குகேஷ் அதனை ஏற்கவில்லை. 26-ஆவது நகர்த்தலில் தம் அரசியை வேறு கட்டத்திற்கு நகர்த்தி ஆட்டத்தைத் தொடர்ந்தார். எளிதில் கிடைக்கவிருந்த அரைப்புள்ளியை விடுத்து முழுப்புள்ளிக்கு முயன்றார். அம்முயற்சி வெற்றியைத் தரவில்லை. 46 நகர்த்தல்களில் ஆட்டம் சமனாகவே முடிந்தது. ஆயினும் போரிட அஞ்சாதவர் என்பதை எதிரிக்கு அது உணர்த்தியது.

ஏழாம் ஆட்டம் இதற்கு மாறானது. டிசம்பர் 3 அன்று நடந்த அவ்வாட்டத்தில் குகேஷின் கை ஓங்கியிருந்தது. டிங்குக்கு நேரமும் குறைந்துகொண்டே வந்தது. முதல் 40 நகர்த்தல்களுக்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி நேரமே உண்டு. டிங் நெருக்கடியில் 40 நகர்த்தல்களைக் கடந்து, பின்னர் ஒவ்வொரு தாக்குதலையும் தடுத்து நின்றார். 72 நகர்த்தல்களுக்குப் பின் ஆட்டம் சமனாயிற்று. ஆட்டங்கள் நாள்தோறும் இந்திய நேரப்படி பிற்பகல் 2.30 மணிக்குத் தொடங்கின. கார் நிக்கோபாரில் டிசம்பர் மாதத்தில் மாலை 5 மணி அளவிலேயே கதிரவன் மறைந்துவிடும். ஐந்து மணி நேரத்திற்கும் மேலாக நீண்ட அந்த ஏழாம் ஆட்டம் முடிந்தபோது, இத்தீவில் இருள் நன்கு சூழ்ந்திருக்கும்.

ஒரு சமன் துணிவைக் காட்டிற்று. மற்றொரு சமன் பொறுமையைக் காட்டிற்று. இரண்டுக்கும் பட்டியலில் எழுதப்பட்டது ‘சமன்’ என்னும் ஒரே சொல்தான்.

பதின்மூன்றாம் ஆட்டம்

12 ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் ஆளுக்கு ஆறு புள்ளிகள் பெற்றிருந்தனர். எஞ்சியவை இரண்டே ஆட்டங்கள். இந்நிலையில் 13-ஆம் ஆட்டம் டிசம்பர் 11 அன்று நடைபெற்றது. வெள்ளைக் காய்களுடன் குகேஷ் ஆடினார். முதலில் நகர்த்தும் உரிமை வெள்ளைக்கே உரியது. எனவே தாக்குவதற்கு அவருக்கு இதுவே இறுதி நல்வாய்ப்பு. மறுநாள் வெள்ளைக் காய்கள் டிங்குக்கு உரியவை.

டிங் ‘பிரெஞ்சுத் தடுப்பு’ என்னும் தொடக்க முறையைக் கையாண்டார். முதல் ஆட்டத்தில் அவருக்கு வெற்றி தந்ததும் அம்முறையே. குகேஷ் இம்முறை நன்கு ஆயத்தமாகி வந்திருந்தார். ஆட்டத்தின் நடுப்பகுதியில் அவருடைய காய்கள் டிங்கின் அரணை நெருக்கின. 31-ஆவது நகர்த்தலில் டிங் ஒரு கூர்முனையில் நின்றார். அவர் தம் யானையை எஃப் வரிசையின் எட்டாம் கட்டத்திற்கு நகர்த்தினார். சமநிலையைக் காக்கக்கூடிய ஒரே நகர்த்தல் அதுதான். வேறு எதை ஆடியிருந்தாலும் குகேஷ் வெற்றியை நோக்கிச் சென்றிருப்பார். குறைந்த நேரத்தில், உலகம் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஒற்றை வழியை அவர் கண்டறிந்தார். ஆட்டம் 69 நகர்த்தல்கள் வரை நீண்டு சமனில் முடிந்தது. புள்ளிகள் 6.5, 6.5 ஆயின.

அன்று டிங் பெற்றது அரைப்புள்ளி. அதை இழந்திருந்தால் 7-க்கு 6 என்று பின்தங்கி இறுதி ஆட்டத்தில் வென்றே ஆக வேண்டிய நிலைக்கு வந்திருப்பார். குகேஷும் அன்று வெறுங்கையுடன் திரும்பவில்லை. கைக்கெட்டிய வெற்றி நழுவியபோதும் சினங்கொண்டு பிழை செய்யாமல் தம் அரைப்புள்ளியை அவர் பாதுகாத்துக்கொண்டார். இருவரும் காத்த அந்தச் சமநிலையே மறுநாள் ஆட்டத்தை உலகப் பட்டத்தை முடிவு செய்யும் ஆட்டமாக்கியது.

கைநழுவிய சமன்

14-ஆம் ஆட்டமும் சமனானால் 7-க்கு 7 என்றாகும். அப்போது அடுத்த நாள் விரைவு ஆட்டங்கள் ஆடி வாகையரைத் தேர்ந்தெடுப்பர். டிசம்பர் 12 அன்று டிங் காய்களை ஒவ்வொன்றாகப் பரிமாறிக்கொண்டு ஆட்டத்தை எளிமையாக்கினார். பலகையில் காய்கள் குறைந்தன. ஒவ்வொருவரிடமும் ஒரு யானை, ஓர் அமைச்சர், சில காலாள்கள் எஞ்சின. குகேஷிடம் ஒரு காலாள் மட்டும் கூடுதலாக இருந்தது. கவனமாக ஆடினால் டிங் சமனைக் காக்க முடியும் என்பதே பலரின் கணிப்பு.

55-ஆவது நகர்த்தலில் டிங் தம் யானையைக் குகேஷின் யானைக்கு எதிரே நிறுத்தினார். யானைகளைப் பரிமாறிக்கொண்டால் ஆட்டம் மேலும் எளிதாகும் என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆனால் அவருடைய அமைச்சர் பலகையின் மூலையில் அடைபட்டிருந்தது. யானைகள் வெட்டுண்டதும் குகேஷ் தம் அமைச்சரை நகர்த்தி, டிங்கின் அமைச்சரையும் பரிமாற்றத்திற்குள் இழுத்தார். தப்ப வழி இல்லை. எஞ்சியவை அரசர்களும் காலாள்களும் மட்டுமே. அங்கே கூடுதலாக இருந்த ஒற்றைக் காலாளே வெற்றியைத் தேடித் தந்தது. 58 நகர்த்தல்களில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 7.5-க்கு 6.5 என்னும் கணக்கில் குகேஷ் உலக வாகையரானார். 1985-இல் 22 வயதில் பட்டம் வென்ற காஸ்பரோவே அதுவரை இளம் வாகையராக விளங்கினார். குகேஷ் 18 வயதில் அதனை முறியடித்தார்.

முந்தைய நாள் 31-ஆவது நகர்த்தலில் ஒரே வழியைக் கண்ட அதே டிங்தான், மறுநாள் 55-ஆவது நகர்த்தலில் தவறினார். அதனால் அவர் திறம் குறைந்தவர் ஆகிவிடவில்லை. சமன் என்பது ஆட்டத்தின் நடுவிலேயே கிடைத்துவிடும் பொருள் அன்று என்பதையே அது காட்டுகிறது. இறுதி நகர்த்தல் வரை அதனைக் காக்க வேண்டும். முந்நூறு கட்டுகள் போட்டுக் கட்டிய ஓடத்திலும் ஒரு கட்டு அவிழ்ந்தால் நீர் புகும் அல்லவா? அதுபோன்றதே இதுவும்.

அரைப்புள்ளி கற்பிப்பது

முதலில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். ஒன்பது சமன்களிலிருந்து குகேஷுக்குக் கிடைத்தவை நான்கரைப் புள்ளிகள். மூன்று வெற்றிகள் தந்தவை மூன்று புள்ளிகளே. அவர் பெற்ற ஏழரைப் புள்ளிகளுள் பெரும்பகுதி சமன்களால் வந்தது. சமன்களில் ஒன்றேனும் தோல்வியாக மாறியிருந்தால், 14 ஆட்டங்களின் முடிவில் பட்டம் அவர் கைக்கு வந்திராது.

நீங்கள் நண்பருடன் ஆடும்போது ஒரு காயை இழந்ததும் மனம் சோர்ந்து பலகையைக் கலைத்துவிட வேண்டா. ஐந்து வழிகளுள் ஏதேனும் ஒன்று திறந்திருக்கிறதா என்று பாருங்கள். நீங்களே முன்னணியில் இருந்தால், எதிரியின் அரசனுக்கு நகர இடமின்றிச் செய்து வெற்றியைச் சமனாக்கிவிடாமல் விழிப்புடன் ஆடுங்கள். ஆட்டம் சமனில் முடிந்தால் இருவரும் கைகுலுக்குங்கள். உங்களுக்கு இணையான ஒருவர் உங்களுக்கு வாய்த்திருக்கிறார் என்று மகிழுங்கள். நாளையும் அவருடன் ஆடலாம்.

கற்பவை கற்றபின்

1. சதுரங்க ஆட்டம் சமனில் முடியும் ஐந்து வழிகளை உங்கள் சொற்களில் எழுதுக.

2. பாடத்தில் உள்ள முடிவுப் பட்டியலைக் கொண்டு, 11-ஆம் ஆட்டம் முடிந்தபோது குகேஷும் டிங்கும் பெற்றிருந்த புள்ளிகளைக் கணக்கிடுக.

3. கால்பந்தாட்டச் சமனுக்கும் சதுரங்கச் சமனுக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு தொடர்களில் எழுதுக.

4. ஆறாம் ஆட்டத்தில் சமனை மறுத்த குகேஷ் செய்தது சரியா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் வகுப்பில் பேசுக.

5. நகர இடமின்மையால் சமனாகும் நிலை ஒன்றைப் பாடத்தில் கண்டீர்கள். அதுபோன்ற வேறொரு நிலையைப் பலகையில் அமைத்து நண்பருக்கு விளக்குக.

6. தொடரில் அமைத்து எழுதுக: சமநிலை, அரண், நெருக்கடி, வாகையர், விழிப்பு.